இறகை வைத்துப் பறவையை அறிவது எப்படி? நீலகிரிப் பாதைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலும், மலை ரயில் தண்டவாள ஓரத்திலும், வீட்டுக் கூரைத் தகரத்திலும் இறகுகள் உதிர்ந்து கிடப்பது நீலகிரியில் அன்றாடக் காட்சி. குனிந்து பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, "இது எந்தப் பறவையுடையது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். "இது பறவையின் உடம்பில் எந்த இடத்தில் இருந்தது?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கு விடை தெரிந்தால் பறவையின் அளவு தெரியும். அளவு தெரிந்தால், இந்த மலையில் வாழும் நூற்றுக்கணக்கான பறவைகளில் ஒரு சிலதான் கணக்கில் மிஞ்சும். நிறத்திலிருந்து தொடங்குகிறவர்கள் மயிலின் சிறகு இறகைச் செம்போத்து என்றும், காட்டுச்சேவலின் வால் இறகைக் காக்கை என்றும் சொல்லிவிடுகிறார்கள். நிறம் கடைசியில் வரட்டும்.

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி வட்டாரத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: எடுப்பதற்கு முன்

கிடக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். எந்த மரத்தடி, எந்தச் சரிவு, ஒற்றை இறகா, சிதறிய பல இறகுகளா என்பதெல்லாம் அந்தப் படத்தில் பதிந்துவிடும். கையில் எடுத்த பிறகு அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது.

முதுமலை, முக்குருத்தி போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் இறகு உட்பட எதையும் எடுத்துவரக் கூடாது. அதற்கு வெளியிலும் கவனம் தேவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் இறகையும் காட்டுயிரின் உடற்பகுதியாகவே கருதுகிறது. மயிலின் வால் இறகுக்கு மட்டும் அதில் தனி விலக்கு உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்துக் குட்டி போடும் என்று காத்திருந்த தலைமுறைகளுக்கு அதனால் வில்லங்கம் இல்லை. மற்ற இறகுகளைப் படம் பிடித்து, அளந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதுதான் என் பரிந்துரை. அடையாளம் காண்பதற்கு இறகு உங்கள் வீட்டில் இருக்க வேண்டிய அவசியம் சற்றும் இல்லை. நல்ல படங்களும் சரியான அளவும் போதும்.

தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் இறகைக் கன்னத்தில் தடவவும் வாயில் வைக்கவும் விடாதீர்கள். பறவை செத்துக் கிடந்து அதன் அருகில் இறகுகள் இருந்தால் தொடவே வேண்டாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ தெரிவியுங்கள்.

இரண்டாம் படி: உலர்த்துவதும் அளப்பதும்

நம் ஊர் மூடுபனியில் நனைந்த இறகு மெலிந்து, நிறம் கறுத்து, வேறு பறவையுடையது போலத் தெரியும். நிழலில் காயவிட்டு, காம்பிலிருந்து நுனியை நோக்கி விரல்களால் மெல்ல நீவிவிடுங்கள். பிரிந்து கிடக்கும் இழைகள் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. பறவை அலகால் இறகைக் கோதும்போது செய்வதும் இதே வேலைதான்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து, மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என இரண்டு படங்கள் எடுங்கள். அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். காம்பின் அடிமுனை முதல் நுனி வரை நேராக அளக்க வேண்டும். வளைவின் மேல் நூலை ஓட்டி அளக்கக் கூடாது.

மேல்புறம் எது, அடிப்புறம் எது? நடுத்தண்டைப் பாருங்கள். அடிப்புறத்தில் தண்டின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். மேல்புறம் வழவழப்பாக, லேசாகப் புடைத்திருக்கும்.

மூன்றாம் படி: உடம்பில் எந்த இடம்?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நடுத்தண்டின் இரு பக்கமும் இருக்கும் பரப்பை மடல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடல்களின் அகலத்தை ஒப்பிடுங்கள்.

ஒரு மடல் மிகக் குறுகலாகவும் மற்றது அகலமாகவும், இறகு முழுவதும் விறைப்பாகவும் இருந்தால், அது சிறகின் வெளிப்பகுதியைச் சேர்ந்த முதன்மை இறகு. பறவையை முன்னே செலுத்தும் விசை இந்த இறகுகளிலிருந்து வருகிறது. குறுகிய மடல் காற்றைக் கிழிக்கும் பக்கம். பெரும்பாலான பறவைகளுக்கு ஒவ்வொரு சிறகிலும் ஒன்பது அல்லது பத்து முதன்மை இறகுகள் இருக்கும். பருந்து, கழுகு, காக்கை போன்றவற்றின் வெளி முதன்மை இறகுகளில் நுனியை நோக்கிப் பாதி வழியில் மடல் சட்டென்று ஒடுங்கும். பருந்து வட்டமிடும்போது சிறகு நுனியில் விரல் விரித்தது போலத் தெரிவது இந்த ஒடுக்கத்தால்தான். அந்த ஒடுக்கம் ஆழமாக இருந்தால் அது பெரும்பாலும் பெரிய பறவையுடையதுதான்.

மடல்களின் வேறுபாடு குறைவாகவும், நுனி மழுங்கலாகவும், இறகு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து வளைந்தும் இருந்தால், அது சிறகின் உட்பகுதியைச் சேர்ந்த இரண்டாம் வரிசை இறகு.

நேராக, சமதளமாக இருந்தால் வால் இறகு. நடு வால் இறகுகளில் இரண்டு மடல்களும் ஏறத்தாழ ஒரே அகலம். ஓரத்து வால் இறகுகளில் வெளிமடல் குறுகும். அங்கேதான் முதன்மை இறகோடு குழப்பம் வரும். அப்போது பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சிறகு இறகு வில் போல் கீழ்நோக்கி வளையும். வால் இறகு பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். பெரும்பாலான பறவைகளுக்கு வால் இறகுகள் பன்னிரண்டு. செம்போத்தும் குயிலும் சேர்ந்த குடும்பத்துக்குப் பத்து. மயிலுக்கு இருபது. நாம் மயில்தோகை என்று சொல்லும் கண் வைத்த நீண்ட இறகுகள் உண்மையில் வால் இறகுகளே இல்லை. வாலுக்கு மேலே, அதன் அடிப்பகுதியை மூடியிருக்கும் மூடிறகுகள்தான் அப்படி நீண்டு வளர்கின்றன. மெய்யான வால், தோகைக்குப் பின்னால் அதைத் தாங்கிப் பிடிக்கும் குட்டையான பழுப்பு இறகுகள்.

அடிப்பாதி பஞ்சு போலவும் மேல்பாதி மட்டும் ஒழுங்கான பரப்பாகவும் இருந்தால் உடல் இறகு. முழுவதும் பஞ்சாக இருந்தால் தூவி. வெறும் தூவியை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்ல வீட்டில் வழியில்லை. அந்த முயற்சியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சிறகு இறகு என்று தெரிந்தால் இடமா, வலமா என்பதையும் சொல்லிவிடலாம். மேல்புறம் உங்களைப் பார்க்க, நுனி மேலே இருக்கும்படி பிடியுங்கள். குறுகிய மடல் உங்கள் வலப்பக்கம் இருந்தால் அது இடச் சிறகு; இடப்பக்கம் இருந்தால் வலச் சிறகு. ஒரே இடத்தில் இரண்டு இறகுகள் கிடைத்து, ஒன்று இடம், ஒன்று வலம், நீளமும் ஒன்று என்றால், ஒரே பறவை இயல்பாக இறகு மாற்றுகிறது என்று கொள்ள நல்ல காரணம் உண்டு. பல பறவைகள் இரு சிறகுகளிலும் ஒரே இடத்து இறகை ஏறத்தாழ ஒரே சமயத்தில் உதிர்க்கின்றன. சமநிலை கெடாமல் பறப்பதற்கான ஏற்பாடு அது.

நான்காம் படி: எப்படி உதிர்ந்தது?

ஒற்றை இறகு, காம்பு முழுமையாக, சுத்தமாக, ரத்தக் கறை இன்றி இருந்தால் இயல்பாக உதிர்ந்தது. பெரும்பாலான பறவைகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகு இறகு மாற்றுவதால் அந்த மாதங்களில் நிறையக் கிடைக்கும். ஒரு கைப்பிடி இறகுகள் ஒரே இடத்தில் சிதறிக் கிடந்தால் ஏதோ ஒன்று வேட்டையாடியிருக்கிறது. காம்புகள் கடித்து நொறுக்கப்பட்டு, இறகுகள் எச்சிலில் ஒட்டிக் கொத்தாக இருந்தால் பூனை, கீரி, மரநாய் போன்றவை. காம்புகள் முழுதாகவே பிடுங்கப்பட்டு, தண்டில் அலகு அழுந்திய மடிப்பு மட்டும் இருந்தால் வல்லூறு போன்ற இரைகொல்லிப் பறவை. இந்தச் சிதறலில் ஒரு நன்மை உண்டு: சிறகு, வால், உடல் மூன்றிலிருந்தும் இறகுகள் கிடைப்பதால் அடையாளம் காண்பது எளிதாகிவிடும்.

ஐந்தாம் படி: விரலுக்குத் தெரிபவை

நிறத்தைப் பார்க்கும் முன் தொட்டுப் பாருங்கள். சில குடும்பங்களை விரலே சொல்லிவிடும்.

ஆந்தை இறகின் மேல்பரப்பு வெல்வெட்டுத் துணியாக இருக்கும். வெளிப்புற முதன்மை இறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்களைப் போல நுண்ணிய இழைகள் எழுந்து நிற்கும். பின்விளிம்பு நார் நாராகப் பிரிந்திருக்கும். காற்றின் இரைச்சலை அடக்கி, எலிக்குத் தெரியாமல் இறங்குவதற்கான அமைப்பு இது. சீப்பு விளிம்பு சிறகின் வெளியோர இறகில்தான் தெளிவாகத் தெரியும்; மற்ற இறகுகளில் வெல்வெட்டு மென்மையை மட்டும் எதிர்பாருங்கள். ஓடைகளில் மீன் பிடித்து உண்ணும் பூமன் ஆந்தைக்கு இந்தச் சீப்பு இல்லை. நீருக்குள் இருக்கும் மீனுக்காக ஓசையை அடக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. எனவே ஆந்தை போல் வரியும் புள்ளியுமாக, ஆனால் விளிம்பு வழவழப்பாக ஒரு பெரிய இறகு ஓடைக்கரையில் கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள். ஆந்தை இறகு முற்றத்தில் விழுந்தால் அபசகுனம் என்று கலங்குகிறவர்கள் தோட்டக் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்த இறகு சொல்வது ஒன்றுதான்: உங்கள் வீட்டைச் சுற்றி எலி பிடிக்க ஒரு பறவை இரவில் வந்துபோகிறது. அதை விரட்டாதீர்கள்.

மரங்கொத்தியின் வால் இறகு இன்னும் எளிது. தண்டு அளவுக்கு மீறித் தடித்து, விறைத்து, நுனி கூராகத் தேய்ந்திருக்கும். மரத்தில் செங்குத்தாக நிற்கும்போது உடம்பைத் தாங்கும் ஊன்றுகோல் அந்த வால்தான். அதன் சிறகு இறகுகளில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும்.

கோழி இனத்தை அறிய உடல் இறகைத் திருப்பிப் பாருங்கள். காம்பும் பரப்பும் சேரும் இடத்தில், முதல் இறகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பஞ்சு போன்ற இரண்டாவது சிற்றிறகு ஒன்று தொங்கும். காட்டுக்கோழி, காடை, கௌதாரி, மயில் எல்லாவற்றுக்கும் இது நன்றாக வளர்ந்திருக்கும். புறாவுக்கு இது இல்லை. பழுப்பு நிற உடல் இறகு ஒன்றை வைத்துக்கொண்டு புறாவா கோழியா என்று திணறும்போது, இந்த ஒரு சோதனை வழக்கை முடித்துவிடும். கோழி இனத்தின் முதன்மை இறகுகளும் தனித்தன்மை உடையவை: விறைப்பாக, உள்நோக்கி நன்றாக வளைந்து இருக்கும். புதரிலிருந்து திடீரென்று எழும்பிச் சிறிது தூரம் பறந்து இறங்குவதற்கான சிறகு அது.

காம்பருகே இருக்கும் பஞ்சுப் பகுதியைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். வல்லுநர்களின் கண் அங்கேதான் போகும். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பயணிகள் விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து 62 பேர் இறந்தார்கள். என்ஜின்களில் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ராக்ஸி லேபர்ன் ஆராய்ந்து, அவை ஸ்டார்லிங் எனப்படும் பறவையுடையவை என்று கண்டறிந்தார். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது அந்தப் பறவை. பஞ்சிழைகளை நுண்ணோக்கியில் பார்த்து இன்ன குடும்பம் என்று சொல்லும் கலையை வளர்த்தவர் அவர். பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி கைக்கு எட்டினால் ஒரு புறாவின் பஞ்சிழையை வைத்துப் பாருங்கள். இழையின் கணுக்கள் சிறு பூ மொட்டுகளாக விரிந்திருப்பது தெரியும்.

ஆறாம் படி: இப்போது நிறம்

கறுப்பும் பழுப்பும் மெலனின் என்னும் நிறமியால் வருபவை. மெலனின் இறகை வலுப்படுத்தவும் செய்கிறது. உடம்பெல்லாம் வெளுத்த பறவைகளுக்குக்கூடச் சிறகு நுனி கறுத்திருப்பது அதனால்தான். ஆகவே கறுப்பு நுனியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீலம் வேறு வகை. நம் பறவைகளின் நீலத்துக்கு நிறமி கிடையாது. இறகின் நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. இறகை வானத்துக்கு எதிராகப் பிடித்து, ஒளி ஊடுருவி வரும்படி பாருங்கள். நீலம் மறைந்து மங்கிய பழுப்பாகிவிடும். சோலை எனப்படும் மேல்மலைக் காட்டின் ஓடைகளில் சீட்டியடித்துப் பாடும் சீகாரப் பூங்குருவியின் இறகு நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். வெயிலில் திருப்பினால் ஓரத்தில் நீலம் பளிச்சிடும். ஆகவே கறுப்பு இறகு எது கிடைத்தாலும் பல கோணங்களில் திருப்பிப் பார்த்த பிறகே "கறுப்பு" என்று எழுதுங்கள்.

வெயிலில் நாள்பட்டுக் கிடந்த கறுப்பு இறகு பழுப்பாக வெளிறும். வெளிறிய காக்கை இறகைப் பருந்து என்று எண்ணிவிடாமல் இருக்க, மற்ற இறகுகளுக்கு அடியில் மறைந்திருந்த உள்மடலைப் பாருங்கள். அங்கே மூல நிறம் ஓரளவு தங்கியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடையாளத்துக்கு உதவாவிட்டாலும் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய இறகைச் சாய்வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே மங்கலும் அடர்த்தியுமாக மெல்லிய பட்டைகள் தெரியும். மங்கல் ஒன்று, அடர்த்தி ஒன்று சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவுமான வளர்ச்சி. அந்தப் பட்டைகளை எண்ணினால் இறகு எத்தனை நாளில் வளர்ந்தது என்றே கணக்கிடலாம். இடையில் கண்ணாடி போல் வலுவிழந்த ஒரு கோடு தென்பட்டால், அந்த நாளில் பறவைக்குப் பசியோ வேறு துன்பமோ நேர்ந்திருக்கலாம். இந்த வளர்ச்சிப் பட்டைகளைப் பறவையின் இயல்பான வரிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வரிகளில் நிறம் மாறும். பட்டைகளில் மினுக்கம் மட்டுமே மாறும்.

ஏழாம் படி: இடமும் உயரமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறிவிடுகிறோம். பறவைகளும் அதற்கேற்ப மாறுகின்றன. கல்லாறு, மசினகுடி பக்கம் நீல இறகு கிடைத்தால் பனங்காடையை முதலில் நினைக்கலாம். அதே இறகைத் தொட்டபெட்டாவில் கண்டதாக ஒருவர் சொன்னால் நான் நிறையக் கேள்விகள் கேட்பேன். நீலகிரி சிரிப்பான் மேல்மலைச் சோலைகளுக்கும் அவற்றை ஒட்டிய தோட்டங்களுக்கும் உரியது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் அதற்குப் பதிலாக வாழ்வது பழனி சிரிப்பான். எனவே கொடைக்கானலில் கிடைத்த இறகுக்கு நீலகிரி சிரிப்பான் என்று பெயர் எழுத இடமே இல்லை. பறவை நூலின் வரைபடத்தைப் பார்ப்பதற்குப் பத்து நொடிதான் ஆகும். அது தவிர்க்கும் பிழைகளோ ஏராளம்.

சோலையா, தேயிலையா, தைலமரத் தோப்பா, ஏரிக்கரையா, பஸ் நிலையமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சான்றின் ஒரு பகுதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறகு காற்றில் வரும், ஓடையில் வரும், நாயின் வாயிலும் வரும்.

எட்டாம் படி: இங்கே அடிக்கடி கிடைப்பவற்றோடு ஒப்பிடுவது

கறுப்பு, பெரியது, பளபளப்பு என்றால் முதலில் காக்கைதான். ஊருக்குள் சாம்பல் கழுத்து வீட்டுக் காகமும், மேல்மலை முழுக்க அண்டங்காக்கையும் இருக்கின்றன. இரண்டின் சிறகு இறகுகளும் அளவில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதால், ஒற்றை இறகை வைத்து இன்ன காக்கை என்று பிரிக்க முயல வேண்டாம். "காக்கை" என்று எழுதினாலே சரியான விடை. கூடவே சாம்பல் நிற உடல் இறகு கிடைத்தால் வீட்டுக் காகம் என்று துணிந்து சொல்லலாம். கறுப்பு இறகு நீண்டு, அரிவாளாக வளைந்து, பச்சையும் ஊதாவும் மினுங்கினால் அது சேவலின் வால். காட்டுச்சேவலா வீட்டுச் சேவலா என்பதை வால் இறகால் தீர்மானிப்பது கடினம். தோட்டக் குடியிருப்பு அருகில் என்றால் வீட்டுச் சேவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் காட்டுச்சேவலின் கழுத்து இறகு கிடைத்தால் ஐயமே வேண்டாம். ஒடுங்கிய கருஞ்சாம்பல் இறகு, வெண்ணிறத் தண்டு, நுனிப்பக்கம் மெழுகைச் சொட்டியது போல் மஞ்சள் புள்ளி. தொட்டால் அந்தப் புள்ளி வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். வேறு எந்தக் கோழிக்கும் இப்படி இல்லை. இந்த அழகே அதற்கு எமனாகவும் ஆனது. மீன் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சி செய்வதற்காக இந்தக் கழுத்து இறகுகளை மேல்நாட்டுக்கு அனுப்பும் வணிகம் ஒரு காலத்தில் செழித்து, ஏராளமான காட்டுச்சேவல்கள் கொல்லப்பட்டன. பெட்டையின் மார்பு இறகு வெள்ளையாக, சுற்றிலும் கருவிளிம்போடு செதில் போல் இருக்கும்.

செங்கல் நிற இறகு இரண்டு பறவைகளை நினைவூட்ட வேண்டும். ஒரு சாணுக்குள் அடங்கி, மென்மையாக இருந்தால் செம்போத்தின் சிறகு இறகு. ஓர் அடியை ஒட்டியோ அதற்கு மேலோ நீண்டு, தடித்த தண்டோடு இருந்தால் ஆண் மயிலின் முதன்மை இறகு. மயில் என்றாலே பச்சையும் நீலமும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். மயில் பறந்து போகும்போது அண்ணாந்து பாருங்கள். சிறகின் வெளிப்பகுதி முழுக்கச் செங்கல் நிறம்தான். ஆண் மயிலின் சிறகு மூடிறகுகளோ மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில் கறுப்பு அலைவரிகளோடு இருக்கும். அவற்றைப் பருந்துடையவை என்று பலர் எடுத்துவைக்கிறார்கள். செம்போத்தின் வால் இறகு அகலமாக, கறுப்பாக, பச்சை மினுக்கத்தோடு இருக்கும். காக்கை இறகைவிடத் தளர்வானது.

சாம்பல் இறகு, நுனியில் கரும்பட்டை என்றால் மாடப்புறாவின் வால். ஓரத்து வால் இறகின் வெளிமடல் வெளுத்திருக்கும். அடிப்பகுதி கறுத்து, நுனியில் அகலமான வெள்ளை இருந்தால் புள்ளிப்புறாவின் ஓரத்து வால் இறகு. பழுப்புச் சிறகு இறகின் உள்மடலில் செம்மை படர்ந்திருந்தால் மரகதப்புறாவைக் கணக்கில் சேருங்கள். பக்கத்தில் பச்சை மினுக்கும் உடல் இறகு ஒன்று கிடைத்தால் முடிவு செய்துவிடலாம். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை அது. சோலைக்குள் கறுப்பில் வெள்ளை நுனி வைத்த சின்னக் கழுத்து இறகுகள் கிடைத்தால், பிடரியில் கட்டம் போட்ட நீலகிரிக் காட்டுப்புறாவாக இருக்கலாம்.

கருமையான சிறகு இறகு, அடிப்பகுதியில் மட்டும் பளிச்சென்ற வெள்ளை என்றால் மைனா. வால் இறகில் வெள்ளை நுனி. காட்டு மைனாவுக்கும் இதே அமைப்பு இருப்பதால் மைனா என்பதோடு நின்றுகொள்வது நல்லது. நீலமும் வெள்ளையும் கறுப்பு நுனியும் ஒரே இறகில் சேர்ந்திருந்தால் வெண்மார்பு மீன்கொத்தி.

சின்னான்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். செம்மீசைச் சின்னான் இல்லாத தோட்டம் இந்த மலையில் இல்லை. அதன் இறகும் அப்படியே. பல நூல்களிலும் இணையப் படங்களிலும் அதன் வால் நுனி வெள்ளை என்று இருக்கும். ஆனால் தென்னிந்தியாவில் வாழும் உள்ளினத்துக்கு அந்த வெள்ளை நுனி கிடையாது. வால் இறகு முழுக்கக் கரும்பழுப்புதான். கறுத்த சிறு வால் இறகில் வெள்ளை நுனி தெளிவாக இருந்தால் நம் ஊரில் அது செங்குதச் சின்னான். வெளியூர்ப் படத்தோடு ஒப்பிட்டு, "வெள்ளை இல்லையே, அப்படியானால் சின்னான் இல்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடி சாம்பல் பஞ்சாகவும் நுனி சிவப்பாகவும் ஒரு குட்டி இறகு கிடைத்தால், இரண்டில் எதன் வாலடியாகவும் இருக்கலாம்.

பச்சை இறகில், ஒடுங்கி நீண்ட கிளி வால்தான் கண்ணில் அதிகம் படும். நீலம் ஓடி நுனி மஞ்சளாக முடிந்தால் மலைக்காடுகளுக்குரிய நீலப் பைங்கிளி. நுனி வெள்ளை என்றால் செந்தலைக் கிளி.

நீண்ட பழுப்பு இறகில் மங்கலான கோடுகள் குறுக்கே ஓடினால் ஊர்களின் மேல் வட்டமிடும் கள்ளப்பருந்து. சாம்பல் வாலில் தெளிவான கரும்பட்டைகளோடு சாண் அளவில் இருந்தால் வல்லூறு. கறுப்புக்கு நடுவே ஒரே ஓர் அகன்ற வெள்ளைப் பட்டை என்றால் கொண்டைப் பாம்புக்கழுகு. இரைகொல்லிப் பறவைகளில் வயதுக்கு ஏற்ப வரிகள் மாறுவதால் இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஒன்பதாம் படி: சரிபார்ப்பதும் பதிவதும்

மனத்தில் ஒரு பெயர் வந்ததும் அதை எதிர்த்து வாதாடிப் பாருங்கள். அந்தப் பறவையின் அளவுக்கு இந்த இறகு பொருந்துமா? அந்த இடத்து இறகு அந்தப் பறவைக்கு அப்படித்தான் இருக்குமா? இந்த உயரத்தில் அது வாழ்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் எழுதுங்கள். 2021இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட ஃபெதர் லைப்ரரி என்னும் இணையத் தொகுப்பில் இந்தியப் பறவைகளின் இறகுப் படங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தொகுப்புகளைவிட நமக்கு அதுவே முதலில் பயன்படும். நம் பறவை அதில் இருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம்.

குறிப்பு இப்படி அமையலாம்: "கோத்தகிரி, தேயிலைத் தோட்ட ஓரம், சில்வர் ஓக் அடியில். ஒற்றை இறகு, காம்பு சுத்தம். இடச் சிறகின் முதன்மை இறகு. நீளம் 21 செ.மீ. மேல்பரப்பு வெல்வெட்டு, முன்விளிம்பில் சீப்பு. பழுப்பில் அடர்ந்த குறுக்கு வரிகள். ஆந்தை, நடுத்தர அளவினது. இனம் உறுதியாகவில்லை." இதில் கடைசி வாக்கியம் மிகவும் மதிப்புள்ளது. குடும்பத்தோடு நின்ற சரியான விடை, இனம் வரை போன தவறான விடையைவிட அறிவியலுக்குப் பயன்படும்.

படங்களை, உயிரினங்களைப் பதிவதற்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம். இறகு போன்ற தடயங்களையும் அங்கே பதிவாக ஏற்றுக்கொள்கிறார்கள். இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளம் உயிரோடு பார்த்த, கேட்ட பறவைகளுக்கானது. இறகை வைத்து அதில் பறவையைச் சேர்க்கக் கூடாது. ஆந்தை, கழுகு போன்றவற்றின் கூட்டருகே கிடைத்த இறகு என்றால், துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துப் பதியுங்கள். பெயர் தெரியாத இறகுகளின் படங்களை அழித்துவிடாமல், நாளும் இடமும் எழுதித் தனிக் கோப்பில் வைத்திருங்கள். அதே மரத்தடியில் பிறகு ஒரு வால் இறகோ உடல் இறகோ கிடைக்கும்போது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அந்தப் படம் தேவைப்படும்.